குழாய் இறங்காத பள்ளிக்கூடம்

சூரங்காட்டுப்பட்டியில் குழாய் கட்டிவிட்டால், கட்டிய காரியம் முடியும்வரை அதை இறக்கக் கூடாது. இறக்கும்வரை, ஊருக்குள் அடுப்பு எரிகிற யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அம்மனுக்குக் காப்புக் கட்டினால் என்ன விதியோ அதே விதி. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்டால் பதில் கிடையாது. கேட்டவன் வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொண்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மரத்தில் கட்டுகிற, புனல் மாதிரி வாய் அகன்ற ஒலிபெருக்கி.

செண்பகவல்லி டீச்சருக்கு இந்த விதி தெரியாது. அவளுடைய அடுப்பு கோவில்பட்டியில் எரிந்தது. பஸ்ஸில் வந்து ஐந்தாம் வகுப்பை மேய்த்துவிட்டு பஸ்ஸில் போகிறவள். கோபக்காரி. பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது கதை செத்துப்போகிறது, கதை செத்த பிறகு எந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டும் என்று அவளுக்கு நெடுநாளாக ஒரு எரிச்சல் இருந்தது. யார் யாரோ முகம் தெரியாதவர்கள், தங்கள் வீட்டு அறையில் உட்கார்ந்து பழைய கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து, காசு கேட்காமல் எல்லாருக்கும் பொதுவில் போட்டுவைத்திருப்பதைக் கைப்பேசியில் பார்த்தாள். குரல் முன்னால் போகட்டும், பிள்ளையின் விரல் புத்தகத்தில் வரிக்கு அடியில் பின்னால் போகட்டும், காதும் கண்ணும் ஒன்றாக நடந்தால் கதை சாகாது என்று கணக்குப் போட்டாள். 'ஓடிப்போன கிணறு' என்ற புத்தகத்தை ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்துக் கைப்பேசியை மேசையில் வைத்தாள். பள்ளிக்குப் பின்னால் காற்றாலை சுற்றுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

பத்ரகாளி சவுண்ட் சர்வீஸ் குருவையாவிடம் போனாள்.

"அண்ணாச்சி, சின்னதா ஒரு பாக்ஸ் ஸ்பீக்கர் வேணும்."

"பாக்ஸ் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருக்கு."

"வேற என்ன இருக்கு?"

"குழாய் இருக்கு."

"அதை எப்படி வகுப்புக்குள்ள வைக்கிறது?"

"வகுப்புக்குள்ள எதுக்கு வைக்கணும்?" என்றார் குருவையா. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. ஊருக்குக் கேட்காமல் ஒரு குழாயைக் கட்டுவது என்பது, இலையைப் போட்டுவிட்டுச் சோறு வைக்காமல் போவது மாதிரி அவருக்கு. மறுநாள் டீச்சர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது பள்ளிக்கூட வேம்பில் இரண்டு குழாய்கள் ஏறியிருந்தன. ஒன்று வகுப்பு ஜன்னலைப் பார்த்து. இன்னொன்று ஊரைப் பார்த்து.

டீச்சர் தலையில் கைவைத்தாள். பிறகு, ஆனது ஆகட்டும் என்று கைப்பேசியை வயரில் சொருகினாள்.

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான்" என்றது குரல். ஆண் குரல், நடுவயது, அவசரமில்லாத குரல். பின்னால் ஒரு மின்விசிறி கடகடத்தது, தூரத்தில் ஒரு குக்கர் விசிலடித்தது. "அந்த ராஜாவின் அரண்மனையில் ஒரு கிணறு இருந்தது. அதன் ஊற்று" என்று சொல்லி, நின்றது.

கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். பருத்திக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விசிறி ஓடியது. குக்கர் அடுத்த விசிலை அடித்தது. வாசிக்கிற ஆள் தண்ணீர் குடிக்கிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அவ்வளவுதான். கதை நகரவில்லை.

டீச்சர் வகுப்பைப் பார்த்தாள். எல்லா விரலும் ஓடிப்போய் அந்தச் சொல்லில் நின்றிருந்தன, ஒன்றைத் தவிர. கடைசி வரிசையில் இசக்கியின் விரல் இன்னும் 'இருந்தது'வுக்கு அடியில் இருந்தது. இசக்கியின் அப்பா சுடலைமுத்துவும் அம்மாவும் விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டம் போடுகிறவர்கள். சீமைக்கருவேலம் எங்கே குத்தகைக்கு வெட்டப்படுகிறதோ அங்கே குடிசை, அங்கே மூட்டம், வெட்டி முடிந்ததும் லாரி ஏறி அடுத்த ஊர். போன ஊரிலெல்லாம் பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எந்த ஊரிலும் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததில்லை. எத்தனை கழுவினாலும் போகாத கரி அவள் விரல் நுனியில். அந்த விரல் மெல்ல நகர்ந்து, உதடு அசைந்து, 'ஊற்று' என்ற சொல்லுக்கு அடியில் வந்து, அது ஊற்றுத்தான் என்று அவளுக்கு ஊர்ஜிதமாகி, தலை லேசாக ஆடியதும்,

"மிகவும் மெதுவாக ஊறியது" என்றது குழாய்.

இதற்கு விளக்கம் இல்லை. மேலே போவோம்.

அன்றிலிருந்து அப்படித்தான். எந்தப் பிள்ளையின் விரல் கடைசியோ அந்த விரலுக்குக் குரல் நின்றது. பெரும்பாலும் அது இசக்கியின் விரல். சும்மா விரலை மட்டும் தள்ளிப் பார்க்கச் சொன்னார்கள், குரல் ஏமாறவில்லை. கண் பார்த்து, மனம் ஒப்பி, தலை ஆடினால்தான் நகர்ந்தது. குருவையா ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினார், வயரை மாற்றினார், ஒரு எலுமிச்சம்பழத்தையும் அறுத்துவைத்தார். பிறகு, "மிஷின்ல கோளாறு இல்ல. ஆளு பொறுமைசாலி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் முதலில் திட்டியது. ஊரின் இயல்பு அது. "ராஜா என்னமோ சொல்ல வாயைத் தொறந்தான், அதுக்குள்ள நின்னு போச்சு, எந்தப் புள்ளைடா அது?" என்று கடையில் கேட்டார்கள். கரிமூட்டக்காரர் பிள்ளை என்று தெரிந்ததும், "அதான" என்றார்கள். அந்த 'அதான'வில் எல்லாம் அடக்கம். ஆனால் திட்டிக்கொண்டே எத்தனை நாள் நிற்க முடியும்? நிற்கிற நேரத்தில் ஏதாவது செய்தாக வேண்டும். களை வெட்டுகிற பெண்கள் குரல் நிற்கிற இடத்தில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள், அந்தப் பிள்ளை புண்ணியத்தில் முதுகுவலி குறைந்தது என்று ஒருத்தி சொன்னாள். டீ ஆற்றுகிறவன் வாக்கியம் முடியாமல் டீயை நீட்டுவதில்லை. மினி பஸ் கண்டக்டர், ராஜா கிணற்றைப் பார்த்து "நீ சோம்பேறி" என்று திட்டுகிற இடத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்க, பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. திட்டு வாங்கிய கிணறு எழுந்து, சுற்றுச்சுவரைச் சேலை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு அரண்மனையைவிட்டு வெளியே நடந்தபோது, ஊர் மொத்தமும் வாய்விட்டுச் சிரித்தது. கரிமூட்டத்து மண்ணை மெழுகிக்கொண்டிருந்த சுடலைமுத்துவும் சிரித்தான். அந்த ஊரில் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

நிற்கிற நேரத்தில் குரலுக்குப் பின்னால் இருந்த வீட்டையும் ஊர் தெரிந்துகொண்டது. அந்த ஆளுக்குச் சளித் தொந்தரவு உண்டு. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடுகிறது. குக்கரை இறக்க ஆளில்லை. "எந்திரிச்சுப் போயி அடுப்பை அணைச்சுட்டு வாரும்யா, நாங்க இருக்கோம்" என்று வயலிலிருந்து ஒருத்தி குழாயைப் பார்த்துச் சொன்னாள்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஹரிணி என்ற கெட்டிக்காரப் பிள்ளையின் அம்மா வசந்தமலர் ஒருநாள் பள்ளிக்கு வந்தாள்.

"என் புள்ளை கடகடன்னு படிக்கிறவ டீச்சர். ஒருத்திக்காக அவ எதுக்குக் காத்துக் கிடக்கணும்? அந்தப் புள்ளைய செடிக்குத் தண்ணி ஊத்த அனுப்புங்க. கதை ஓடட்டும்."

"நீங்களே அனுப்பிப் பாருங்க" என்றாள் டீச்சர்.

வசந்தமலர் அனுப்பினாள். இசக்கி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குரல் அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. அதற்கடுத்த சொல்லையும் சொல்லவில்லை. விசிறி ஓடியது. செடிகள் எல்லாம் நனைந்தன. வசந்தமலர் கைப்பேசியில் முன்னால் தள்ளிப் பார்த்தாள், தள்ளிய இடத்திலும் அதே விசிறி, அதே இருமல். அதற்குள் கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. "கிணறு ஆத்தங்கரையில ஒத்தைக் காலைத் தூக்கிட்டு நிக்கி, பாவம், யாரு அதை நிப்பாட்டுனது?" வயலிலிருந்தும் பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வசந்தமலர் தானே போய் இசக்கியின் கையிலிருந்து வாளியை வாங்கினாள். வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகட்டும், வாங்கினாளே.

"அம்மா, நான் காத்துக்கிட்டு இருக்கும்போது மேல் வரியை மறுபடி படிக்கேன். நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹரிணி.

"நீ சும்மா இரு" என்றாள் வசந்தமலர்.

இப்படிக் கதை பாதி தாண்டியபோது சீமைக்கருவேலம் வெட்டி முடிந்தது. கரி ஏஜென்ட் லாரியோடு வந்தான். அடுத்த குத்தகை சாயல்குடிப் பக்கம், ஏறுங்கள் என்றான். சுடலைமுத்து சட்டியையும் பாயையும் கட்டினான். இசக்கி புத்தகத்தை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவள் விரல் போன வழியெல்லாம் வரிகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு, எறும்பு போன தடம் மாதிரி, பாதிப் புத்தகம்வரை.

"இதுக்கப்புறம் என்ன ஆகும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். நான் போயிருதேன்."

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்ல மாட்டேன் என்றாள். புத்தகத்தை வாங்கவும் மாட்டேன் என்றாள். நேராகக் குருவையாவிடம் போனாள்.

"குழாய் கட்டினா என்னமோ விதின்னு கடையில சொன்னாங்களே. அது என்ன விதி?"

குருவையா விதியைச் சொன்னார். டீச்சர் கேட்டாள், கேட்டுவிட்டு லாரிக்கு முன்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஊரும் வந்து நின்றது.

"குழாய் கட்டியிருக்கு, புத்தகம் முடியலை, யாரும் போகக் கூடாது" என்றார் கோயில் பூசாரி.

"அது உங்க ஊர்க்காரங்களுக்கு சாமி. இவங்க வந்தட்டிங்க, பொழைக்க வந்தவங்க" என்றான் ஏஜென்ட்.

"அவன் அடுப்பு எங்க எரியுது?"

ஏஜென்ட் கண்மாய்ப் பக்கம் பார்த்தான். அங்கே சுடலைமுத்துவின் குடிசையிலிருந்து, இன்னும் அணைக்காத அடுப்பின் புகை வந்துகொண்டிருந்தது.

"எரியுதுல்ல. அப்ப அவன் ஊர்க்காரன்" என்றார் பூசாரி.

கரிமூட்டக்காரர்களைக் கோயில் வரிக்குக்கூடச் சேர்க்காத ஊர் அது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று பூசாரிக்கே தெரிந்தது. தெரிந்தும் பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் விதி போய்விடும். கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த முள்ளை வெட்டச் சுடலைமுத்துவுக்கு வேலை கொடுத்தார்கள்.

ஏஜென்ட் லாரியில் ஏறினான். "சரி. புத்தகம் முடியுத அன்னைக்கு லாரி இங்க நிக்கும். முடியாமலா போயிரும்?"

இசக்கி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு அவள் விரல் இன்னும் மெதுவாகப் போயிருக்க வேண்டும், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நடந்தது வேறு. கதை பிடித்த விரல் நிற்குமா? கிணறு காடு மேடெல்லாம் அலைந்தது, தாகத்தில் கிடந்த ஊர்களில் கொஞ்சம் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தது, ராஜா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். இசக்கி விரலைப் பிடித்துவைக்கப் பார்த்தாள், விரல் கேட்கவில்லை. குரல் நிற்கிற நேரம் குறைந்தது. களை வெட்டுகிறவர்களுக்கு முதுகுவலி திரும்ப வந்தது.

அப்போதுதான் ஆய்வு வந்தது. வாசிப்புத் திறன் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தகவல். தலைமையாசிரியர் ஞானதிரவியம் பயந்த மனிதர், கெட்டவர் இல்லை. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ளைய அன்னைக்கு ஒருநாள் வீட்டுல இருக்கச் சொல்லிருங்கம்மா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் செய்யிறதுதான்."

"அதனாலதான் சார் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் அவ படிக்கலை."

"குழாயையும் இறக்கிருங்க. அனுமதி இல்லாதது."

"அதை ஊர்கிட்டச் சொல்லுங்க."

ஞானதிரவியம் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தார். ஜன்னலைச் சாத்தினார்.

அதிகாரி காலையிலேயே வந்தார், கூடவே இரண்டு பேர். லாரியும் வந்து வேம்படியில் நின்றது. மிச்சம் ஒரு பக்கம்தான் என்று ஏஜென்டுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வயலில் யாரும் இல்லை. எல்லாரும் பள்ளிச் சுவரை ஒட்டி நின்றார்கள். டீக்கடைக்காரன் கடையைச் சாத்தாமலே வந்திருந்தான்.

"என்ன இது, திருவிழாவா?" என்றார் அதிகாரி.

"கிட்டத்தட்ட" என்றார் குருவையா.

அதிகாரி வகுப்புக்குள் வந்து கைப்பேசியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிள்ளைகளின் விரல்களைப் பார்த்தார். "இது சொல்லும், இதுங்க கேட்கும். கேட்கிறது எப்படிப் படிக்கிறது ஆகும்?"

"நீங்களும் நானும் கேட்டுத்தான் சார் பேசவே ஆரம்பிச்சோம். படிப்பு மட்டும் காது இல்லாம வரணுமா?" என்றாள் டீச்சர். "காசு கேட்காம ஒருத்தர் வாசிச்சுக் கொடுக்காரு. எந்தப் புள்ளையும் பின்தங்காம நின்னு கூட்டிட்டுப் போறாரு. நான் இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட அப்படி நின்னதில்லை. மணி அடிச்சிரும்னு ஓடியிருக்கேன்."

"வாதம் வேண்டாம். கரிமூட்டத்துப் பிள்ளை ஒண்ணு படிக்கவே படிக்காதாமே. எது?"

ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி கையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கரி.

"எந்திரி. குரல் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லணும். அது சொல்லி நீ திருப்பிச் சொன்னா, கணக்கில்லை."

இசக்கி எழுந்தாள். கடைசிப் பக்கத்தை விரித்தாள். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளை வாசிக்காவிட்டால் படிக்காதவள் என்று முத்திரை குத்திக் குழாயையும் இறக்கச் சொல்லிவிடுவார்கள், வாசித்துவிட்டால் புத்தகம் முடிந்து குழாய் இறங்கி லாரி கிளம்பிவிடும், இரண்டில் எதுவானாலும் நாளைக்குக் கடைசி வரிசை காலி. வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று அவள் தேடியதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. குழாயில் விசிறி ஓடியது. அந்த ஆள் இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

"ராஜா" என்றாள் இசக்கி.

"ராஜா" என்றது குழாய், அவளுக்குப் பின்னால்.

"வாளியைக் கீழே வைத்தான்."

"வாளியைக் கீழே வைத்தான்."

அவள் விரல் போயிற்று, குரல் அதற்குப் பின்னால் போயிற்று, விழுந்துவிடாமல் இருக்கக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டே, தொடாமல் நடக்கிற ஆள் மாதிரி. உன் ஊற்றை நான் அவசரப்படுத்தியது தப்பு என்று ராஜா சொன்னான். கிணறு யோசித்தது. யோசிக்கிற இடத்தில் 'பெருமூச்செறிந்து' என்று ஒரு பொல்லாத சொல் கிடந்தது, இசக்கி அதன் முன்னால் நின்றாள், அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஹரிணி முன் வரிசையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், சுவருக்கு வெளியே சுடலைமுத்து தலைத்துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டான், இசக்கி அந்தச் சொல்லை மூன்றாகப் பிட்டு, மறுபடி ஒட்டி, முழுசாகச் சொன்னாள். குழாயும் சொன்னது, கொஞ்சம் கரகரத்த குரலில். வசந்தமலர் மூக்கைச் சிந்தினாள்.

"கிணறு மெல்ல நடந்து வந்து, தன் பழைய குழியில் உட்கார்ந்து, தனக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு, ஊறத் தொடங்கியது" என்று வாசித்தாள் இசக்கி. குரல் பின்னாலேயே சொல்லி முடித்தது.

பக்கத்தில் மிச்சம் ஒரு சொல். நடுவில், தனியாக, பெரிய எழுத்தில். முற்றும்.

லாரிக்காரன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். குருவையா ஏணியைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்.

இசக்கி விரலை அந்தச் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். நிறுத்தினாள்.

விசிறி ஓடியது. குக்கர் விசிலடித்தது. அந்த ஆள் தண்ணீர் குடித்தார்.

"ம், படி. அவ்வளவுதான். முடிஞ்சது" என்றார் அதிகாரி. அவர் குரலில் பழைய விறைப்பு இல்லை, அவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் ஓடி வந்தவர் மாதிரித்தான் இருந்தார்.

இசக்கி விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தெரியலையா?"

"தெரியும்."

"அப்பப் படி."

"மாட்டேன்."

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இசக்கியைப் பார்த்தாள். மெல்ல மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரி, அவ முந்திச் சொன்னாத்தான் கணக்கு சார். காத்திருக்கணும்" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

அதற்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூசாரி பதில் சொன்னார். "புள்ளை படிக்கிற வரைக்கும்யா. குழாய் கட்டியிருக்கு. யாரும் எங்கயும் போறதுக்கில்லை."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஒருவரும் திரும்பவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார், பிறகு கூட வந்தவரிடம், "வாசிக்கிறாள்னு எழுதிக்கோங்க" என்றார். லாரி இன்னும் இரண்டு ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியது.

டீச்சர் அலமாரியைத் திறந்து அடுத்த புத்தகத்தை எடுத்தாள். இசக்கி முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள், வா என்று யாரும் கூப்பிடவில்லை.

குழாய் இன்னும் வேம்பில்தான் இருக்கிறது. அதற்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது, குரல் அதையும் தாண்டிக் கேட்கிறது. வேறு வேறு புத்தகங்கள், வேறு வேறு ஆட்கள் வாசித்தவை, எல்லாம் முடிந்தன. அந்த ஒரு புத்தகம் முடியவில்லை. கண்மாய்க் கரையில் சுடலைமுத்து குடிசைக்கு ஓடு போட்டுவிட்டான். 'ஓடிப்போன கிணறு' டீச்சரின் மேசையில் கடைசிப் பக்கம் விரித்தபடி இருக்கிறது, கரிக்கோடு வரி வரியாக வந்து, அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கறுத்த புள்ளியாக நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து, இது என்ன சொல் என்று கேட்டால், இசக்கி நிமிர்ந்து பார்ப்பாள்.

"தெரியும்" என்பாள். அதோடு சரி.